‘துபாய் வேலை’ என்றால் எந்த நாடு? படிவம் எழுதும் முன் பாருங்கள்

பரமக்குடியில் பாஸ்போர்ட், டிக்கெட் வேலைகள் பார்த்துக்கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. "மகன் துபாய்ல இருக்கான்" என்று வரும் அம்மாக்களிடம் விசாரித்தால், பிள்ளை ஷார்ஜாவில் இருப்பான், சில சமயம் கத்தாரிலேயே இருப்பான். பேச்சில் எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள். படிவத்தில் மட்டும் நாடு வேறு, ஊர் வேறு.

துபாய், ஐக்கிய அரபு அமீரகத்தின் ஏழு அமீரகங்களில் ஒன்று. ‘நாடு’ என்ற கட்டத்தில் ஐக்கிய அரபு அமீரகம், ‘ஊர்’ கட்டத்தில் துபாய். மஸ்கட் என்றால் நாடு ஓமான். ‘லண்டன்ல படிக்கிறா’ என்பீர்கள், பிள்ளை கிளாஸ்கோவில் இருப்பாள். அதற்கும் நாடு ஐக்கிய இராச்சியம்தான்.

இப்போது பையன்கள் வாட்ஸ்அப்பில் வந்ததையே வாயிலும் சொல்கிறார்கள்: "கேஎஸ்ஏ போறேன்", "யூஏஇ விசா வந்துருச்சு". கேஎஸ்ஏ என்பது சவுதி அரேபியா, யூஏஇ அமீரகம். தம்பி, கிளம்பும் முன் வீட்டில் முழுப்பெயரைச் சொல்லிவிடுங்கள். ஏதாவது ஆகிவிட்டால் தூதரகத்தைத் தேடி அலைவது அவர்கள்தான். அமீரகத்திலேயே இந்தியத் தூதரகம் அபுதாபியில் இருக்கிறது. துபாய், ஷார்ஜா பக்கம் இருப்பவர்களுக்குத் துபாயில் உள்ள துணைத் தூதரகம். சவுதியில் ரியாத்தில் தூதரகம், ஜித்தாவில் துணைத் தூதரகம்.

‘துபாய் வேலை, உடனே டிஎம் (தனிச்செய்தி) பண்ணவும்’ என்று செய்தி வந்தால் முதலில் அந்த போன் எண்ணின் தொடக்கத்தில் உள்ள நாட்டுக் குறியீட்டைப் பாருங்கள். அமீரகம் 971, சவுதி 966, கத்தார் 974, ஓமான் 968, குவைத் 965, பஹ்ரைன் 973. சொன்ன நாடும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் ஏன் என்று கேளுங்கள். ஒத்துப்போனாலும் அதை மட்டும் நம்பவேண்டாம். ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்று இந்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் தேடிப் பார்த்துவிட்டே பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

பத்தாவது தேறாதவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். ஈசிஆர் பாஸ்போர்ட்டில் (வெளிநாட்டு வேலைக்குப் போகும் முன் அரசின் சரிபார்ப்பு தேவைப்படும் பாஸ்போர்ட்) வேலைக்குப் போக, 18 நாடுகளுக்கு எமிக்ரேஷன் கிளியரன்ஸ் என்ற அரசு அனுமதி வாங்கவேண்டும். மேலே சொன்ன வளைகுடா நாடுகள் ஆறும் அந்தப் பட்டியலில் உண்டு. ‘சிங்கப்பூர் மலேசியா’ என்று ஒரே மூச்சில் சொல்கிறோமே, மலேசியா பட்டியலில் இருக்கிறது, சிங்கப்பூர் இல்லை.

விசா நகலும் வேலை ஒப்பந்தமும் கைக்கு வந்ததும் இரண்டிலும் நாடு, ஊர், கம்பெனி பெயர் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஒரு பிரதியை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.