திருக்கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை: முதல்முறை செய்பவர்களுக்கு

திருக்கார்த்திகை வந்தால் நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்து வீடுகளில் விளக்கேற்றுவதோடு ஓலைக் கொழுக்கட்டையும் அவிப்பார்கள். அதற்கு முன்னாலேயே பனங்குருத்தோலை கட்டுக் கட்டாகச் சந்தைக்கு வந்துவிடும். அரிசி, கருப்பட்டி, தேங்காய் என்று மற்ற இனிப்புக் கொழுக்கட்டைக்குப் போடும் சாமான்கள்தான் இதற்கும். ருசியை மாற்றுவது ஓலை. ஆவியில் வேகும்போது அதன் வாசனை மாவுக்குள் இறங்கிவிடும். அதனால் ஏலக்காயை அள்ளிப் போட்டு அந்த வாசனையை அமுக்கிவிடாதீர்கள்.

தேவையானவை: பச்சரிசி 500 கிராம், கருப்பட்டி 350 கிராம், ஒரு மூடித் தேங்காய்த் துருவல், சிறுபருப்பு 50 கிராம், ஏலக்காய் 3, சுக்குப்பொடி அரை ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, குருத்தோலை ஒரு கட்டு.

முதலில் மாவு. அரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். கையில் அள்ளினால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் தண்ணீர் ஒட்டக்கூடாது. மிக்ஸியில் அரைத்துச் சலித்து, சிறுதீயில் வறுங்கள். மாவை எடுத்துக் கோலம் போட்டால் இழை விழ வேண்டும், அதுதான் பதம். சிவக்க விடக்கூடாது. கடை மாவில் செய்தாலும் இந்த வறுவலை விட்டுவிடாதீர்கள். சிறுபருப்பையும் வாசனை வர வறுத்து, குழையாமல் மலர வேகவைத்துக்கொள்ளுங்கள்.

கருப்பட்டியில் கொஞ்சம் கவனம் வேண்டும். பதநீர் இறங்கும் கோடையில் காய்ச்சியதைத்தான் நாம் கார்த்திகையில் எடுக்கிறோம். உடைத்துப் பாருங்கள்: உள்ளே சீனிபோல மணி மணியாக மின்னினால் கலப்படம் என்று சந்தேகப்படலாம். நல்ல கருப்பட்டியில் இனிப்புக்கு அடியில் லேசான உப்புக் கரிப்பு இருக்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் விடாதீர்கள். 300 மில்லி தண்ணீரில் கரையவிட்டு, மண்ணும் தூசியும் போக வடிகட்டி, மறுபடி ஒரு கொதி விட்டால் போதும். கம்பிப்பதம் வந்துவிட்டால் கொழுக்கட்டை கல்லாகிவிடும்.

மாவில் தேங்காய், பருப்பு, ஏலக்காய், சுக்கு, உப்பு எல்லாம் சேர்த்து, பாகைச் சூடாகவே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறுங்கள். கை பொறுக்கும் சூட்டில் பிசையலாம். பிடி கொழுக்கட்டை மாவைவிட ஒரு படி தளர இருக்கட்டும். பிடித்தால் உருண்டு நிற்கணும், ஓலைக்குள் அமுக்கினால் பரவணும். இறுகிப்போனால் வெந்நீர் தெளியுங்கள்.

அப்புறம் ஓலை. இலை இலையாகப் பிரித்து, கழுவித் துடைத்து, ஒரு சாண் நீளத்துக்கு நறுக்குங்கள். ஓரம் கையைக் கீறும், குழந்தைகளிடம் கொடுக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டும் நடு ஈர்க்கில் தானாகவே மடிந்திருக்கும். அந்த மடிப்பை விரித்து, இரண்டு முனையிலும் ஒரு விரல் இடம் விட்டு மாவை நீளவாக்கில் வைத்து மூடி, கிழித்த ஓலை நாராலேயே இரண்டு இடத்தில் கட்டுங்கள். வழிய வழிய மாவு வைக்க வேண்டாம்.

இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்த பிறகு, ஆவி ஊடே போக இடைவெளி விட்டு அடுக்கி மூடுங்கள். 25 நிமிடம். எங்கள் ஆச்சி பானையின் அடியில் மிஞ்சிய ஓலைத் துண்டுகளைப் போட்டு அதன்மேல் அடுக்குவாள், வாசனை தெருமுனை வரைக்கும் வரும். ஓலையின் வெளிர் நிறம் பழுத்து, ஒன்றைப் பிரித்தால் மாவு ஒட்டாமல் கழன்று வந்தால் வெந்துவிட்டது.

சுடச்சுடப் பிரித்தால் உடையும், பத்து நிமிடம் ஆறவிடுங்கள். மிஞ்சியதை ஓலையோடேயே வைத்து, மறுநாள் காலையில் ஐந்து நிமிடம் ஆவி காட்டிச் சாப்பிடுங்கள். எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும். தேங்காய் சேர்ந்திருப்பதால் அதற்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம்.