மண் தடக் கார்ட்: டயரும் ரிம் அகலமும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

தேக்காவில் ஒரு கோப்பிக்கடையில் போன வாரம் நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "அண்ணே, அமெரிக்காவுல ஜார்ஜியாவுக்கு வேலை மாத்திட்டாங்க. அங்க மண்ணுல கார்ட் ஓட்டணும்னு ஆசை. எந்த டயர் வாங்கறது?" இங்கே வாடகைக் கார்ட்டை, அதாவது தரையை ஒட்டி ஓடும் சின்னப் பந்தய வண்டியை, அவர் நன்றாகவே ஓட்டுவார். ஆனால் சிங்கப்பூரில் நாம் ஓட்டுவது தார்த் தரையில், அதுவும் வேறு யாரோ மாட்டிவைத்த டயரில். நான் வேலை நிமித்தம் வட கரோலினாவில் இருந்த இரண்டு சீசனும் வார இறுதிகளில் களிமண் ஓவலில் (நீள்வட்டத் தடத்தில்) ஓட்டினேன். அங்கே கற்றதை அவருக்காக எழுதி வைக்கிறேன்.

இது இடது பக்கம் மட்டுமே திரும்பும் ஓவல் தடத்துக்கான குறிப்பு. இரண்டு பக்கமும் வளையும் தடத்துக்கு 3-ஆம் படியில் வரும் இட-வல அகல வித்தியாசமும் 4-ஆம் படியும் பொருந்தாது.

1. முதலில் விதிமுறை

டயர் நிறுவனம், ரப்பரின் கடினம், ரிம் அகலம் எல்லாவற்றுக்கும் பந்தயம் நடத்தும் கிளப் வரம்பு வைத்திருக்கும். அதைப் படிக்காமல் ஒரு வெள்ளிகூடச் செலவு செய்ய வேண்டாம். ஹூசியர், பர்ரிஸ், மேக்ஸிஸ் மூன்றுமே மண்ணுக்கென்று டயர் செய்கின்றன. உங்கள் பந்தய வகுப்பில் அதிகம் பேர் எதைப் போடுகிறார்களோ, அதையே வாங்குங்கள். பக்கத்துக் கூடாரத்தில் போய்ச் சந்தேகம் கேட்க முடியும்.

2. டயர் மேல் உள்ள எண்

11x6.0-6 என்று இருந்தால் வெளிவிட்டம் 11 அங்குலம், அகலம் 6, உள்ளே உட்காரும் ரிம்மின் விட்டம் 6. சில டயர்களில் முதல் எண் 33 அல்லது 34 என்று இருக்கும். அது சுற்றளவு. 11 அங்குல விட்டத்தைச் சுற்றளவாக மாற்றினால் ஏறக்குறைய 34½ வரும், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த எண்கள் தோராயமானவை. ஒரே எண் போட்ட இரண்டு டயர்கள்கூட அரை அங்குலம் மாறி வரலாம்.

3. ரிம் அகலம்

இடப் பக்கம் 6 அங்குலத்தை ஒட்டியும் வலப் பக்கம் 8 அங்குலத்தை ஒட்டியும் தொடங்குவது வழக்கம். வளைவில் எடை வலப் பக்கம் சாய்வதால் அங்கே அகலம் தேவை. ரிம் அகலமானால் டயரின் பக்கச் சுவர் இழுபட்டு விறைப்பாகும், மேல்பரப்பு தட்டையாகும், கார்ட் திருப்பத்துக்குச் சட்டென்று பதில் சொல்லும். ரிம் குறுகினால் நடுப்பகுதி உப்பி நிற்கும், சுவர் வளைந்து கொடுக்கும்.

பழைய ரிம் வாங்கினால் அகலத்தை உள்பக்கமாக அளந்து பாருங்கள்: டயரின் விளிம்பு உட்காரும் இடத்திலிருந்து எதிர் விளிம்பு உட்காரும் இடம் வரை. வெளி உதட்டிலிருந்து அளந்தால் கூடுதலாகக் காட்டும்.

4. ஸ்டாகர்: இங்கே நிதானமாகப் படியுங்கள்

காரில் இருப்பதுபோல் கார்ட்டில் டிஃபரென்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் அமைப்பு) கிடையாது. பின் அச்சு ஒரே தண்டு, இரண்டு பின் சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவிலோ வலச் சக்கரம் அதிகத் தூரம் போக வேண்டும். அதற்காகத்தான் வலப் பின் டயரைச் சற்றுப் பெரிதாகப் போடுகிறோம். இரண்டு பின் டயர்களின் சுற்றளவு வித்தியாசத்துக்குப் பெயர் ஸ்டாகர்.

கணக்கு எளிது. இடப் பின் டயரின் சுற்றளவை, இரண்டு பின் டயர்களின் நடுவிலிருந்து நடு வரை உள்ள தூரத்தால் பெருக்கி, இடப் பின் சக்கரம் போகும் வளைவின் ஆரத்தால் வகுக்க வேண்டும். சுற்றளவு 33 அங்குலம், தூரம் 40 அங்குலம், ஆரம் 60 அடி என்று வைப்போம். 60 அடி என்பது 720 அங்குலம். 33 x 40 ÷ 720 = 1.83 அங்குலம். நான் இதைவிடக் கொஞ்சம் குறைத்தே தொடங்குவேன். நேர்ப் பாதையில் அதிக ஸ்டாகர் கார்ட்டை இடப்பக்கம் இழுத்து வேகத்தைத் தின்றுவிடும்.

நான் மாட்டிக்கொண்டது அளவெடுப்பதில். ஒரு சனிக்கிழமை இரண்டு பின் டயரையும் கையில் இருந்த 6 அங்குல ரிம்களில் மாட்டி அளந்தேன். ஸ்டாகர் சரியாக 1½ அங்குலம். அப்புறம் வலப் பின் டயரை மட்டும் 8 அங்குல ரிம்முக்கு மாற்றி ஓட்டினேன். வளைவுக்கு வளைவு மூக்கு வெளிச் சுவர் பக்கமே போனது. ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கேட்கவில்லை. மாலை முழுக்க முன் சக்கரக் கோணத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் டேப்பை எடுத்து டயரைச் சுற்றினால் ஸ்டாகர் 1⅛ தான். அகல ரிம் சுவரை வெளியே இழுத்ததில் டயரின் நடு கீழே இறங்கி, சுற்றளவு குறைந்துபோயிருக்கிறது.

அதனால் ஓட்டப்போகும் ரிம்மில், ஓட்டப்போகும் காற்றழுத்தத்தில் மட்டுமே அளவெடுங்கள். புது டயரை மாட்டி ஓர் இரவு விட்டுவிடுங்கள், அது கொஞ்சம் விரியும். சக்கரம் தரையில் படாதபடி தூக்கி, சாக்பீஸால் நடுவில் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே டேப்பைச் சுற்றி இரண்டு முறை படியுங்கள். கால் அங்குல அகலமுள்ள மெல்லிய எஃகு டேப்தான் வேண்டும். சிராங்கூன் சாலைத் தையல்காரரிடம் உள்ள துணி டேப் இழுபடும், வேண்டாம்.

5. ரப்பரின் கடினம்

ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ டியூரோமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எண் குறைந்தால் ரப்பர் மென்மை. ஈரமாக, பிடிப்போடு இருக்கும் களிமண்ணில் கடினமான டயர். காய்ந்து வழுக்கும் தடத்தில் மென்மையானது. டயரை மென்மையாக்கப் பூசும் ரசாயனங்களைப் புதியவர்கள் தொடவே வேண்டாம் என்பேன். பல கிளப்புகளில் தடை. அவற்றில் பலவற்றின் ஆவியும் நுரையீரலுக்குக் கெடுதல்.

6. காற்று

5 முதல் 8 பிஎஸ்ஐக்குள் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) தொடங்குங்கள். கார் டயருக்கான கேஜில் இதைத் துல்லியமாகப் படிக்க முடியாது. 15 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டும் கேஜ் வாங்குங்கள். மற்ற கருவிகளில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்க வேண்டாம்.

பின்சேர்க்கை: இதன் முதல் வரைவைப் படித்த, ஈசூனில் இருக்கும் நண்பர் ஒருவர் பயிற்சிக்காகப் பழைய டயர் ஒன்றை அளந்து பார்த்திருக்கிறார். ஏர்கான் அறையில் 6 பிஎஸ்ஐ வைத்தாராம், புளோக்குக்குக் கீழே கொண்டுபோனதும் 6.7 காட்டியதாம். கேஜில் கோளாறு இல்லை. கேஜ் காட்டும் 6-உடன் வெளிக்காற்றின் 14.7-ஐயும் சேர்த்தால் 20.7. வெப்பநிலை 22-லிருந்து 32 டிகிரிக்கு ஏறினால் அந்த 20.7 ஏறக்குறைய 21.4 ஆகிறது. 6-இல் 0.7 என்பது பத்தில் ஒரு பங்குக்கும் மேல், சுற்றளவும் அதற்கேற்ப மாறும். எனவே டயர்களைத் தடத்தின் ஓரத்தில் நிழலில் அரை மணி நேரம் வைத்து, அங்கேயே காற்றைச் சரிசெய்து, அதன் பிறகு டேப்பை எடுங்கள். ஒரு பக்க டயர் வெயிலிலும் மறுபக்க டயர் நிழலிலும் இருந்தால் அந்த அளவை நம்ப வேண்டாம்.