ரிமோட் கணினியின் நெட்வொர்க் செட்டிங்ஸை எங்கிருந்து பார்ப்பது, எதைப் பார்ப்பது

ரிமோட்டில் நெட்வொர்க் பிரச்சினை தேடும்போது அதிகம் நடக்கும் தவறு ஒன்று உண்டு. கமாண்டை நம் கணினியில் ஓட்டிவிட்டு, அங்கே இருப்பதைப் பார்த்துவிட்டதாக நினைப்போம். இங்கே என்எஸ்லுக்அப் (ஒரு பெயருக்கான ஐபி எண்ணைக் கேட்கும் கமாண்ட்) சரியான பதில் தருகிறது என்றால் இங்குள்ள டிஎன்எஸ் (பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவை) சரி, அவ்வளவுதான். அந்தக் கணினி எந்த டிஎன்எஸ்ஸைக் கேட்கிறது என்பது அதற்குள் போனால்தான் தெரியும்.

முதலில் உள்ளே போகும் வழி. விண்டோஸ் என்றால் பவர்ஷெல்லில் என்டர்-பிஎஸ்செஷன் கொடுத்து, கணினியின் பெயரை எழுதுங்கள். இது போர்ட் (கணினியின் நெட்வொர்க் கதவு எண்) 5985 வழியாகப் போகும், எஸ்எஸ்எல் உடன் என்றால் 5986. விண்டோஸ் சர்வர் 2012 முதல் இந்த வசதி திறந்தே வரும். சாதாரண விண்டோஸ் 10, 11-இல் மூடியிருக்கும். முன்கூட்டியே எனேபிள்-பிஎஸ்ரிமோட்டிங் ஓட்டியிருக்க வேண்டும். நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று குறிக்கப்பட்டிருந்தால் அந்தக் கமாண்டே பிழை காட்டி நின்றுவிடும். பெயருக்குப் பதிலாக ஐபி எண்ணைக் கொடுத்தால் கெர்பரோஸ் என்ற அடையாளச் சோதனை வேலை செய்யாது. டிரஸ்டட்ஹோஸ்ட்ஸ் (நம்பத்தக்க கணினிகள்) பட்டியலில் அந்த எண்ணைச் சேர்க்கச் சொல்லும். எனவே டொமைனுக்குள் (நிறுவனம் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் கணினிக் குழுவுக்குள்) இருக்கும் கணினிக்குப் பெயரையே கொடுங்கள். லினக்ஸுக்கு எஸ்எஸ்ஹெச், போர்ட் 22. திரையைப் பார்க்க வேண்டும் என்றால் ரிமோட் டெஸ்க்டாப், 3389.

பிங் போகவில்லை என்பதற்காகக் கணினி அணைந்திருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். பிங்கை ஃபயர்வாலே தடுத்திருக்கலாம். டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கமாண்டில் போர்ட் எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால், அந்தக் கதவு திறந்திருக்கிறதா என்று நேராகத் தெரியும்.

உள்ளே போனதும் முதல் கமாண்ட், கணினியின் பெயரைக் காட்டும் ‘ஹோஸ்ட்நேம்’. சிரிக்க வேண்டாம். டிஎன்எஸ்ஸில் பழைய பதிவு அழியாமல் கிடந்தால், அந்த ஐபி இப்போது வேறு ஒரு கணினியிடம் இருக்கும். நீங்கள் அரைமணி நேரம் பக்கத்து வீட்டைச் சோதித்துக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது, நெட்வொர்க் செட்டிங்ஸ் முழுவதையும் காட்டும் ஐபிகான்ஃபிக் /ஆல். பலரும் ஐபி எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். 169.254 என்று தொடங்கினால் ஐபி எண் வழங்கும் டிஹெச்சிபியிடமிருந்து பதிலே வரவில்லை, கணினி தானே ஒரு எண்ணை வைத்துக்கொண்டது என்பது பலருக்கும் தெரியும். அதிகம் பேர் கவனிக்காதது ‘டிஹெச்சிபி சர்வர்’ என்ற வரி. உங்கள் நெட்வொர்க் 10.20 என்று தொடங்க, அந்த வரியில் 192.168.1.1 இருந்தால், யாரோ வைஃபை ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து செருகியிருக்கிறார்கள். முகவரி கொடுப்பது அதுதான். அந்தக் கணினியில் எதை மாற்றியும் பயனில்லை. ரவுட்டரைத் தேடிப் பிடுங்க வேண்டும்.

எந்த முகவரிகள் தன் நெட்வொர்க்குக்குள் இருக்கின்றன என்று கணினிக்குச் சொல்லும் சப்நெட் மாஸ்க்கில் கொஞ்சம் நிற்போம். விண்டோஸில் கையால் முகவரி போடும்போது 10.20.4.57 என்று அடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனால், மாஸ்க் தானாக 255.0.0.0 என்று நிரம்பிவிடும். வேண்டியது 255.255.255.0 ஆக இருக்கலாம். அவசரத்தில் ஓகே அடித்துவிடுவார்கள். இப்போது 10 என்று தொடங்கும் எல்லா முகவரியும் தன் கம்பியிலேயே இருப்பதாக அந்தக் கணினி நம்பும். இணையம் வரும், பக்கத்துக் கணினி தெரியும். ஆனால் 10.30.1.5-இல் இருக்கும் சர்வர் மட்டும் கிடைக்காது; அதற்கான பாக்கெட்டைக் கேட்வேயிடம் (வெளி நெட்வொர்க்குக்கு வழிவிடும் ரவுட்டரிடம்) கொடுக்காமல், அதே கம்பியில் ‘யாரப்பா 10.30.1.5?’ என்று கூவிக்கொண்டிருக்கும். ‘நெட் வருது, அந்த ஒரு சாஃப்ட்வேர் மட்டும் ஓடல’ என்று ஃபோன் வந்தால் முதலில் மாஸ்க்கைப் பாருங்கள்.

இதில் ஒரு சிக்கல். நீங்கள் 10.30 பக்கம் உட்கார்ந்திருந்தால் உங்களுக்கும் அந்தக் கணினியின் பதில் வராது. கேட்வே தப்பாக இருந்தாலும் இதே கதைதான். அப்போது அதே சப்நெட்டில் இருக்கும் இன்னொரு கணினிக்குள் நுழைந்து, அங்கிருந்து இதற்குத் தாவுங்கள். அதுவும் இல்லையென்றால் அங்கே இருப்பவரிடம் கமாண்டை ஓட்டி, திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாசிக்கச் சொல்லாதீர்கள், புள்ளி எங்கே என்று கேட்டே பொழுது போய்விடும்.

டிஎன்எஸ் வரிகளில், டொமைனில் இருக்கும் கணினிக்கு 8.8.8.8 போட்டிருந்தால் இணையம் ஓடும், லாகின் இழுக்கும், குரூப் பாலிசி (நிறுவனம் கணினிகளுக்கு அனுப்பும் விதிகள்) வராது. உள்ளே இருந்து டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரின் பெயர் வெளியே யாருக்கும் தெரியாதே. என்எஸ்லுக்அப் சரியாகச் சொல்லியும் பிரவுசர் வேறெங்கோ போனால் ஹோஸ்ட்ஸ் ஃபைலை (பெயருக்கு ஐபி எண்ணைக் கையால் எழுதி வைக்கும் ஃபைல்) திறந்து பாருங்கள். என்எஸ்லுக்அப் அந்த ஃபைலைத் தொடவே தொடாது. லினக்ஸில் ரிசால்வ்.கான்ஃப் ஃபைலில் 127.0.0.53 மட்டும் இருந்தால் அது தவறல்ல, அந்தக் கணினியின் சொந்த முகவரிதான். உண்மையான சர்வரை ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் காட்டும்.

பிராக்ஸியை (பிரவுசருக்கும் இணையத்துக்கும் இடையில் நிற்கும் சர்வர்) பார்க்கும்போது கவனம். ரிமோட் செஷனில் தெரியும் பிரவுசர் பிராக்ஸி உங்கள் கணக்குடையது, அங்கே உட்கார்ந்திருப்பவருடையது அல்ல. அதேபோல அந்தச் செஷனிலிருந்து மூன்றாவது கணினியின் ஷேர் ஃபோல்டரைத் திறக்க முயன்று ‘ஆக்சஸ் டினைட்’ வந்தால், நெட்வொர்க்கைச் சந்தேகிக்க வேண்டாம். உங்கள் அடையாளம் இரண்டாவது தாவலில் உங்களோடு சேர்ந்து வராது. அதன் வடிவமைப்பே அப்படி.

பிங் போகிறது, சின்ன ஃபைல் போகிறது, பெரிய ஃபைல் மட்டும் பாதியில் நிற்கிறது என்றால் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) சிக்கல். விண்டோஸில் பிங் -எஃப் -எல் 1472 கொடுங்கள். அதோடு பாக்கெட்டின் தலைப்பு (ஹெடர்) 28 பைட் சேர்ந்து 1500. அது போகாமல் 1464 போனால் இடையில் 1492 வரம்புள்ள இணைப்பு இருக்கிறது. பிபிபிஓஇ-யில் (பிராட்பேண்டில் லாகின் செய்து இணையும் முறை) இது வழக்கம்.

இதுவரை சொன்னதெல்லாம் பார்ப்பது மட்டும், எதுவும் கெடாது. மாற்றுவதுதான் உட்கார்ந்த கிளையை வெட்டும் வேலை. முகவரியைக் கைவிடும் ஐபிகான்ஃபிக் /ரிலீஸ் அடித்த நொடியில் செஷன் போய்விடும், /ரென்யூ அடிக்க ஆள் இருக்காது. விண்டோஸில் முகவரி, மாஸ்க், கேட்வே மூன்றையும் ஒரே நெட்எஸ்ஹெச் (நெட்வொர்க் செட்டிங்ஸை மாற்றும் கமாண்ட்) வரியில் கொடுங்கள். அதற்கு முன்பே, பழைய மதிப்புகளைத் திரும்பப் போடும் பேட்ச் ஃபைல் ஒன்றை எழுதி, 10 நிமிடம் கழித்துச் சிஸ்டம் கணக்கில் ஓடும்படி டாஸ்க் ஷெட்யூலரில் வைத்துவிடுங்கள். புதிய முகவரியில் உள்ளே நுழைய முடிந்தால் அந்த டாஸ்க்கை அழித்துவிடலாம். உபுண்டு சர்வரில் இந்தப் பாடே வேண்டாம்: செட்டிங்ஸை உடனே அமலாக்கும் நெட்பிளான் அப்ளைக்குப் பதிலாக நெட்பிளான் டிரை கொடுத்தால், 120 நொடிக்குள் நீங்கள் என்டர் தட்டாவிட்டால் பழைய செட்டிங்ஸுக்கே அது திரும்பிவிடும்.