பீஸ் லிலிக்குச் சாடி மாத்துறது எப்பிடி

காலமை ஊத்தின தண்ணி பின்னேரத்துக்குள்ளயே காணாம இலை தொங்குது, கீழ ஓட்டையால வேரும் வெளிய வருது எண்டா சாடி மாத்துற நேரம் வந்திட்டுது. இலை நுனி கருகுறதை மட்டும் பாத்து வெளிக்கிடாதேங்கோ, யாழ்ப்பாணத்தில கனக்க நேரம் அது கிணத்துத் தண்ணியாலதான். நிலம் முழுக்கச் சுண்ணக்கல், சில ஊரில உவரும் சேர்ந்திருக்கு. அது படிஞ்சு படிஞ்சு சாடி விளிம்பில வெள்ளையா நிக்கும், நகத்தால சுரண்டினா பொருக்கா கழரும். அப்பிடிக் கிடந்தா பழைய மண்ணில முக்கால்வாசியையும் உதறிப்போடுங்கோ.

புதுச்சாடி பழைய சாடியை விட 2 இஞ்சிக்கு மேல பெரிசா வேண்டாம், பெரிய சாடியில ஈரம் காயாது, வேர் அழுகும். செம்மண்ணைத் தனிய நிரப்பவே கூடாது. வெங்காயத்துக்கு அது நல்ல மண்தான், ஆனா சாடிக்குள்ள இறுகிப்போயிடும், இந்தச் செடியோ அமெரிக்க வெப்பமண்டலக் காட்டில இலைச் சருகுக்குள்ள வளர்ந்த சாதி. தேங்காய்த் தும்புத்தூள் ரெண்டு பங்கு, மக்கின இலை ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு போட்டுக் கலவுங்கோ. தும்புத்தூளை ரெண்டு தரம் ஊறவைச்சுப் பிழிஞ்சு எடுங்கோ, அதிலயும் உப்பு இருக்கும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம்.

முதல்நாள் தண்ணி விட்டு வைச்சா அடுத்தநாள் சாடியைச் சரிச்சுத் தட்ட லேசா வரும், இலையில பிடிச்சு இழுக்காதேங்கோ. நல்ல வேர் வெள்ளையா இறுக்கமா இருக்கும், மண்ணிறமா நசிஞ்சு மணக்கிறதைச் சுத்தமான கத்தியால வெட்டிவிடுங்கோ. அடியில ரெண்டு மூண்டு குருத்துத் தனித்தனியா நிண்டா வேரோட பிரிச்சு வேற சாடியில வைக்கலாம். முந்தி எவ்வளவு ஆழத்தில நிண்டுதோ அதே அளவில வையுங்கோ, மண்ணைக் குத்தி இறுக்காம மேல ஒரு இஞ்சி விட்டு, அடியால வடியுமட்டும் ஒருக்கா தண்ணி விடுங்கோ.

பேந்து விறாந்தையில வெயில் நேர படாத வெளிச்சத்தில வையுங்கோ. ஒரு கிழமை வாடித்தான் நிக்கும், அதைப் பாத்து பயந்து திரும்பத் திரும்ப ஊத்தினாத்தான் செடி போகும், மேல் மண் காஞ்ச பிறகு விட்டாக் காணும். பசளை ஒரு மாசம் ஒண்டும் வேண்டாம். சோழகக் காத்து, அதுதான் தென்மேல் பருவக்காத்து, வீசேக்க மாத்தினா இலை காஞ்சுபோகும், மார்கழி, தைதான் நல்லம், அப்ப பீலியால விழுற மழைத்தண்ணியையும் வாளியில பிடிச்சு வைச்சு ஊத்தலாம்.

கையுறை போட்டுச் செய்யுங்கோ, சாறு பட்டாச் சிலருக்குத் தோல் அரிக்கும். இலையைக் கடிச்சா வாயும் தொண்டையும் எரியும், சின்னப்பிள்ளையளும் பூனையும் உள்ள வீடெண்டா எட்டாத உயரத்தில வையுங்கோ.