லோரியில் சாமான் ஏறுவதற்கு முன்: கே.எல்.லிலிருந்து (கோலாலம்பூர்) தோட்டத்து டவுனுக்கு வரும் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் செலாயாங்கிலிருந்து ஒரு குடும்பத்தின் சாமான்களை என் லோரியில் ஏற்றிக்கொண்டு பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட்டுக்கு வந்தேன். கணவன், மனைவி, நாலு வயதில் ஒரு பிள்ளை, கையில் ஒரு குழந்தை. பிரிட்ஜை இறக்கிக்கொண்டிருக்கும்போது அந்தத் தம்பி கைப்பேசியை நீட்டினார். “அண்ணே, இந்த நிலத்தைப் பாருங்க. இப்பவே முன்பணம் கட்டிடலாம்னு இருக்கேன்.”

படத்தில் ஒரு ரம்புத்தான் மரம், பின்னால் செம்பனை, நடுவில் சிவப்புக் கயிறு கட்டிய நாலு முளைக்குச்சி. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2014இல் கே.எல். செந்தூலிலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்தபோது நானும் இதே மாதிரி ஒரு மரத்தடியில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

கடை சீக்கிரம் மூடிவிடும், பெரிய பேரங்காடி இல்லை என்பதெல்லாம் வந்த வாரமே தெரிந்துவிடும். அதை எழுதப் போவதில்லை.

கிராண்டை (நில உரிமைப் பத்திரத்தை) பார்க்காமல் நிலம் வாங்குவது

கே.எல்.லில் அடுக்குமாடி வாடகை கட்டி அலுத்தவனுக்கு இங்கே சொல்லும் விலை காதில் தேன் மாதிரி விழும். கால் ஏக்கர், சொந்த வீடு, பின்னால் முருங்கை. நானும் அப்படித்தான் மயங்கினேன். விற்றவர் என் மனைவி வழியில் தூரத்துச் சொந்தம். நோட்டுப் புத்தகத் தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, இருவரும் கையெழுத்துப் போட்டோம். 18,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன்.

அப்புறம்தான் நில அலுவலகத்துக்குப் போனேன். கிராண்டில் இருந்தது இரண்டு ஏக்கர், ஆறு பெயர். அதில் ஒருவர் இறந்து பதினொரு வருஷம் ஆகியும் பெயர் மாறவில்லை. எனக்கு விற்றவருக்கு இருந்தது ஆறில் ஒரு பங்கு. பங்கு என்றால் அந்த இரண்டு ஏக்கர் முழுவதிலும் ஒரு பங்கு, அவ்வளவுதான். ரம்புத்தான் மரத்தடி இவருடையது என்று எந்தத் தாளிலும் இல்லை. முளைக்குச்சி அவர்களாகவே அடித்துக்கொண்டது.

சரி, பிரித்து எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கிராண்டின் நடுவில் ‘பெர்த்தானியான்’ என்று அச்சாகியிருந்தது. விவசாய நிலம். தேசிய நிலச் சட்டப்படி விவசாய நிலத்தை ஐந்தில் இரண்டு ஹெக்டருக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கருக்குக் கீழே, துண்டு போட முடியாது. நான் வாங்கியதாக நினைத்ததோ கால் ஏக்கர். கட்டட நிலமாக மாற்ற வேண்டுமென்றால் பெயரில் இருக்கிற எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும், மாநில அரசு ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்கு பிரீமியம் என்ற அரசுக் கட்டணமும் கட்ட வேண்டும். இறந்தவரிடம் எப்படிக் கையெழுத்து வாங்குவது? அவர் பிள்ளைகளில் ஒருவர் சிங்கப்பூரில், ஒருவரோடு மற்றவர்களுக்குப் பேச்சுவார்த்தையே இல்லை. நான் ஏறி இறங்கிய மூன்று வங்கிகளும் கையை விரித்துவிட்டன. ஏழாயிரம் தவணை தவணையாகத் திரும்பி வந்தது. மீதி வரவே இல்லை. தீபாவளிக்கு அந்தச் சொந்தக்காரர் வீட்டுப் பக்கம் போகும்போது இன்னமும் என் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கும்.

இத்தனைக்கும் இதைத் தவிர்க்க ஒரு காலைப்பொழுது போதும். விற்பவரிடம் லாட் (மனை) எண், முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு) பெயர், கிராண்ட் எண் மூன்றையும் கேளுங்கள். தரத் தயங்கினால் அங்கேயே வண்டியைத் திருப்புங்கள். தந்தால், நில அலுவலகத்தில் ‘சாரியான் பெர்செண்டிரியான்’ (நிலப் பதிவைத் தேடித் தரும் தாள்) எடுங்கள். கட்டணம், என் லோரிக்கு ஒரு தடவை டீசல் ஊற்றும் காசுகூட ஆகாது. கையில் வரும் தாளில் நிலம் எந்த வகை, எத்தனை பெயர், யாருக்கு எவ்வளவு பங்கு, யாராவது கேவியட் (கை மாற்றத் தடை) போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ‘செக்காத்தான்’ (கட்டுப்பாடு) என்ற வரியில் மாநில அரசின் அனுமதி இல்லாமல் கை மாறக்கூடாது என்று இருக்கலாம். மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்று இருந்தால் பேச்சே வேண்டாம், நம் பெயருக்கு மாறாது. அப்புறம், விற்பவர் கூட்டி வரும் வழக்கறிஞர் அவருடைய வழக்கறிஞர். உங்களுக்கு ஒருவரை நீங்கள்தான் பிடிக்க வேண்டும்.

“நம்ம ஆளுதானே, ஏமாத்துவாரா?” என்பார்கள். என் சொந்தக்காரரும் ஏமாற்றவில்லை. அவருக்கே தெரியவில்லை. அவர் அப்பா காலத்திலிருந்து அந்த மரத்தடி தனக்கென்றே நம்பிக்கொண்டிருந்தார். அதுதான் எரிச்சல்: திட்டுவதற்குக்கூட ஆளில்லை.

ஒரு வருஷம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் வாடகைக்கு இருங்கள். மழைக்காலம் ஒன்று பார்த்தபிறகு வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.

கே.எல். வீட்டை அவசரமாக விற்பது

வாங்கி ஐந்து வருஷம் முடிவதற்குள் விற்றால் லாபத்துக்கு வரி உண்டு. குடிமக்களுக்கு முதல் மூன்று வருஷம் 30 விழுக்காடு, நாலாவது வருஷம் 20, ஐந்தாவது வருஷம் 15. ஆறாவது வருஷத்திலிருந்து இல்லை. சாவி வாங்கிய நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் நிறைய. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்துதான் கணக்கு. குடியிருந்த வீட்டுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தடவை விலக்கு கேட்கலாம். அதை எதற்குப் பயன்படுத்துவது என்று யோசித்துச் செய்யுங்கள்.

வார இறுதி அப்பா

“நான் மட்டும் கே.எல்.லில் வேலை பார்க்கிறேன், வெள்ளி ராத்திரி வந்துடுவேன்” என்பது கணவரின் திட்டம். முதல் மாதம் வெள்ளி. இரண்டாவது மாதம் சனி காலை. மூன்றாவது மாதத்தில் அவர் மனைவி எனக்குப் போன் போட்டுக் கேட்கிறார்: “அண்ணே, திரும்பிப் போக லோரி எவ்வளவு?” கைக்குழந்தையோடு, ஆள் தெரியாத ஊரில், கார் ஓட்டத் தெரியாத பெண்ணை விட்டுவிட்டுப் போனால் வேறென்ன நடக்கும்? வருவதற்கு முன்பே அவருக்கு லைசென்சும் ஒரு பழைய மைவி காரும் ஏற்பாடு செய்யுங்கள்.

சின்னப் பள்ளியை ஒதுக்குவது

எல்லாரும் முதலில் கேட்பது இங்குள்ள தமிழ்ப்பள்ளியான மகாத்மா காந்தி கலாசாலையைத்தான். பெரிய பள்ளி, நல்ல பேர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 150 பிள்ளைகளுக்கும் குறைவான தோட்டப் பள்ளிகளை எட்டிப் பார்க்காமலே ஒதுக்குகிறார்கள். என் மகன் அப்படி ஒன்றில்தான் படித்தான். ஒருநாள் சாப்பிடாமல் போய்விட்டான். எட்டரைக்கு டீச்சரிடமிருந்து போன் வந்தது. ஆனால் ஒன்று, பிள்ளைகள் 30க்கும் கீழே போனால் இரண்டு வகுப்பைச் சேர்த்து நடத்துவார்கள். நேரில் போய் எண்ணிப் பாருங்கள்.

அடையாள அட்டை

முகவரி மாறி 30 நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவில் மாற்ற வேண்டும். ஓட்டும் அந்த முகவரியில்தான்.

இண்டர்நெட்

பக்கத்து வீட்டில் இருந்தால் போதாது. உங்கள் வீட்டு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

கோயில் கமிட்டி

முதல் வருஷம் வேண்டாம்.

சோபா

வாசலை அளந்துவிட்டு ஏற்றுங்கள். ஜன்னல் கம்பியைக் கழற்றி உள்ளே விடும் கூலி தனி.