சாலையைத் திறக்கும் அவசரத்தில் செய்யும் தவறுகள்

கடலூர்–புதுச்சேரி சாலையில் மீட்பு கிரேன் வேலைக்கு இப்போது இளம் பையன்கள் நிறையப் பேர் வருகிறார்கள். நாங்கள் அந்தக் காலத்தில் அடித்த அதே கூத்தைத்தான் அடிக்கிறார்கள். 108-ஐக் கூப்பிடு, அடிபட்டவரை முதலில் பார் என்பதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

டீசல்மேல் தண்ணீர் அடிப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. லாரி கவிழ்ந்து டேங்க் உடைந்தால் தார் முழுக்க டீசல். வண்டியைத் தூக்கி ஓரங்கட்டியதும், “கழுவி விட்டுடலாம்ணே” என்று ஒருவர் கிளம்பிவிடுவார். டீசல் தண்ணீரில் கரையாது, மிதக்கும். ஓரமாகக் கிடந்தது சாலை முழுக்கப் பரவும். ஆலப்பாக்கம் பக்கம் ஒருமுறை, வேண்டாம் வேண்டாம் என்று நான் கத்தக் கத்த, டேங்கர் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். ரோடு பளபளவென்று இருந்தது. வண்டிகளை விட்டார்கள். பிரேக் பிடித்த முதல் பைக்கே சறுக்கியது, பின்னால் வந்தது அதன்மேல் ஏறியது. ஒருவருக்குக் கை முறிந்தது. மறுபடி சாலையை அடைத்து, மறுபடி ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தோம். மிச்சம் பிடித்த நேரம் எங்கே போனது?

முதலில் மண்ணால் அணை கட்டி, டீசல் பரவாமல் நிறுத்துங்கள். காய்ந்த மணலையோ மரத்தூளையோ கொட்டி, துடைப்பத்தால் தேய்த்து, ஊறியதும் வாரி எடுங்கள். அப்புறம் புதிதாக ஒருமுறை. மரத்தூள் மூட்டை ஒன்று கிரேனிலேயே கிடக்கட்டும். மர அறுவை மில்லில் கேட்டால் கிடைக்கும். கடைசியில் சுத்தமாகக் கூட்டுங்கள், ஏனென்றால் மிஞ்சிய மணலும் டூவீலரைச் சாய்க்கும். செருப்பைத் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் திறக்காதீர்கள், போலீஸ்காரர் எவ்வளவு விசில் அடித்தாலும் சரி. டீசல் வெகுநேரம் நின்ற இடத்தில் தார் இளகியிருக்கும், அதை நெடுஞ்சாலைத் துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

எச்சரிக்கைக் கூம்பைக் கவிழ்ந்த வண்டியை ஒட்டி வைப்பது

80 கி.மீ. வேகத்தில் வரும் பஸ் நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஓட்டுநர் பார்த்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே இருபது, முப்பது மீட்டர் போய்விடும். முதல் கூம்பு 100 மீட்டருக்கும் முன்னால் இருக்கட்டும். வளைவு என்றால் வளைவுக்கு முன்னால்.

சிப்காட் டேங்கர்

சிப்காட் தொழிற்பேட்டையின் ரசாயன டேங்கர் கவிழ்ந்தால், அதன் அபாயப் பலகையில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைத் தூரத்திலிருந்தே படித்து 112-க்குச் சொல்லுங்கள். பதில் வரும்வரை கொக்கி மாட்டாதீர்கள்.

முள்ளோடை

இது தமிழ்நாடு–புதுச்சேரி எல்லை, இரண்டு பக்கத்துப் போலீஸும் இருக்கும். விபத்து எந்தப் பக்கம் என்ற கேள்வி வரும். டயர் நின்ற இடத்தைச் சுண்ணாம்பால் குறித்து, போட்டோ எடுத்த பிறகே இழுங்கள்.

கிரேன் இழுக்கும் கம்பிக்குப் பக்கத்தில் வீடியோ எடுப்பவர்கள்

விரட்டுங்கள்.