பொருளை நீங்களே சொல்லிவிடாதீர்கள்: ஆங்கில வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரியது எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன், பிள்ளைகள் வாசித்து முடிக்கும் முன்பே பொருளைச் சொல்லிவிடுவதுதான். "இந்தக் கவிதை தனிமையைப் பற்றியது, எழுதிக்கொள்ளுங்கள்" என்று ஆரம்பித்துவிட்டால் அப்புறம் அவர்கள் கவிதையைப் பார்க்கவே வேண்டியதில்லை, நோட்டைப் பார்த்தால் போதும். பாடத்தை முடிக்க வேண்டிய அவசரம் எனக்கும் தெரியும். ஆனாலும் முதல் பத்து நிமிடம் விளக்கம் எதுவும் கொடுக்காமல், எந்த வரியில் தடுக்கியது, எந்தச் சொல் புரியவில்லை என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது அணி வேட்டை. உவமை, உருவகம், மோனை என்று அடிக்கோடு போட்டுப் பெயர் எழுதினால் வேலை முடிந்தது என்று மாணவர்கள் நினைக்கிறார்கள், ஏனென்றால் நாம் அதற்குத்தான் மதிப்பெண் போடுகிறோம். ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தில் அரசனின் கொலை நடந்த இரவில், கொஞ்சம் தண்ணீர் போதும், இந்தச் செயலைக் கழுவிவிடலாம் என்கிறாள், கொலை செய்த மேக்பெத்தின் மனைவியும் அதற்குத் தூண்டியவளுமான லேடி மேக்பெத். அது செய்யுள். ஐந்தாம் அங்கத்தின் முதல் காட்சியில் அவளே தூக்கத்தில் நடந்துவந்து, கையில் இல்லாத ரத்தக் கறையைத் தேய்த்துத் தேய்த்துப் பேசுகிறாள், அது உரைநடை. இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்து, பார்வைக்கு என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். முதல் பக்கத்தில் வரிகள் பாதியில் நிற்கின்றன, இரண்டாவதில் ஓரம்வரை ஓடுகின்றன. இதை வகுப்பில் யாராலும் கண்டுபிடிக்க முடியும். ஏன் அப்படி, அவளுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு அவர்களே தேடி எழுதும் நாலு வரி, பத்து அணிகளின் பெயரைவிட எவ்வளவோ மேல்.

சிவப்பு மை விஷயத்துக்கு வருவோம். கட்டுரை முழுவதையும் திருத்தித் தள்ளினால் மாணவன் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிடுவான், நீங்கள் ராத்திரி உட்கார்ந்து திருத்தியதெல்லாம் வீண். "டிட் நாட் வென்ட்" என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறானா? சரி, இந்த முறை அதை மட்டும் பிடியுங்கள். முதல் இடத்தில் 'கோ' என்று திருத்திக் காட்டிவிட்டு, மீதி மூன்றையும் அவனே கண்டுபிடித்து அந்தப் பத்தியை வகுப்பிலேயே திரும்ப எழுதட்டும். ஸ்பெல்லிங் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்யச் சொல்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டாலே அது கைவிட்டுவிடும்.

வரிசையாக ஆளுக்கொரு பத்தி வாசிக்கச் சொல்வதையும் விடுங்கள். தன் பத்தி எது என்று எண்ணிப் பார்த்து அதையே மனதுக்குள் ஒத்திகை பார்க்கும் பிள்ளைக்கு மற்றவர்கள் வாசிப்பது காதிலேயே விழாது, அதுவும் திக்கித் திக்கிப் படிப்பவர்களுக்கு அந்தக் காத்திருப்பே தண்டனை. முந்தின நாளே பத்தியைக் கொடுத்துவிட்டால், வீட்டில் இரண்டு முறை சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டு வருவார்கள்.